காத்திருந்து ஏற்றலும் காத்திராது ஏற்றலும்: ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு பிணக்கின் வரலாறு

தொழில் செய்வோன் ஒருவன் தனக்கு வேண்டிய பொருள் கைக்கு வந்து சேருமட்டும் வேலையை நிறுத்திவைத்துக் காத்திருத்தல் ஒரு முறை. பொருளுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அது வரும்வரை வேறு வேலையைப் பார்த்திருத்தல் மற்றொரு முறை. இவ்விரண்டில் எது சிறந்தது என்று பொதுப்பட வினவின் விடை கூறல் அரிது. கல்முனைக் கடைத்தெருவில் வணிகர் ஒருவர், கேட்ட பொருள் தம் கடையின் பின்னறையில் இருப்பின், வாங்க வந்தவரைச் சற்று நிற்கச் சொல்லி எடுத்துவந்து கொடுப்பர். அப்பொருள் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வரவேண்டியதாயின் நிற்கச் சொல்லார். பெயரைக் குறித்துக்கொண்டு, வந்ததும் அறிவிப்பதாகக் கூறி அனுப்பிவிடுவர். வணிகர் அவரே, வாங்குவோரும் அவரே. முறையை மாற்றியது பொருள் இருக்கும் இடம். திருக்குறளிற் காலமறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்து இடனறிதல் என்னும் அதிகாரம் நிற்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. காலத்தைப் பற்றிய வினா பலவிடத்தும் இடத்தைப் பற்றிய வினாவாகவே முடிகின்றது.

இவ்வெளிய உண்மை மறக்கப்பட்டமையாற் கணினிச் செய்நிரலாக்க உலகில் ஒரு பெரும் பிணக்கு எழுந்து, 2009 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஒரு செய்நிரலின் கூறுகளைக் காத்திருந்து ஏற்றுவதா, காத்திராது ஏற்றுவதா என்பதே அப்பிணக்கு. அது தோன்றிய காரணமும், வளர்ந்த முறையும், தணிந்த வகையும் இக்கட்டுரையில் ஆராயப்படும். அப்பிணக்கின் பிற்பகுதி, கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒரு தனிப்பட்ட எச்சரிக்கையை உடையது என்பதும் இறுதியிற் புலப்படும்.

தோற்றமும் குறையும்

ஒலுவிலில் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனம் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோற்றம்பெற்ற ஆண்டு 1995. ஜாவாஸ்கிரிப்ட் மொழி பிறந்ததும் அவ்வாண்டிலேயே. அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணிபுரிந்த பிரெண்டன் ஐக் என்பார், 1995 மே மாதத்திற் பத்து நாள்களில் அதன் முதல் வடிவத்தை அமைத்தார். முதலில் மோக்கா என்றும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் இன்றைய பெயரைப் பெற்றது. 1997 இல் எக்மா என்னும் தர நிறுவனம் அதற்கு முதல் விதிநூலை வெளியிட்டது. அதுமுதல் எக்மாஸ்கிரிப்ட் என்பது அவ்விதிநூலின் பெயராயிற்று.

பக்கத்தில் உள்ள படிவத்தைச் சரிபார்த்தல், பொத்தானை அழுத்தியபோது ஒரு செய்தியைக் காட்டுதல் முதலிய சிறு பணிகளுக்கென்றே அம்மொழி அமைக்கப்பட்டது. ஆதலின் ஒரு செய்நிரலைப் பல கூறுகளாகப் பிரித்து இணைத்தற்குரிய வழி எதுவும் அதில் இடம்பெறவில்லை. கோப்புகள் பலவாயின் அவையனைத்தும் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிக்கப்பட்டன. அவற்றிலுள்ள பெயர்கள் யாவும் ஒரே பொது வெளியிற் கலந்தன. இரு கோப்புகள் ஒரே பெயரை ஆண்டால், பின்வந்தது முன்வந்ததை அழித்துவிடும். எக்கோப்பு முன், எக்கோப்பு பின் என்பதை எழுதுவோரே நினைவில் வைத்துக் காத்தல் வேண்டும்.

வேறொன்றும் நோக்கற்பாலது. இணையப் பக்கங்களைக் காட்டும் மேலோடி, பக்கத்தைப் படித்துச் செல்கையில் ஒரு செய்நிரற் கோப்பின் குறிப்பைக் கண்டால், அவ்விடத்தே நின்றுவிடும். அக்கோப்பை வருவித்து, இயக்கி முடித்த பின்னரே மேலே படிக்கும். ஆகவே காத்திருத்தல் அம்மொழியின் பிறப்போடு வந்த இயல்பு. கோப்புகள் சிறியனவாயும் சிலவாயும் இருந்த காலத்தில் யாரும் அதனைக் குறையெனக் கருதவில்லை.

2004 இல் கூகிள் நிறுவனத்தின் ஜிமெயிலும் 2005 இல் அதன் வரைபடச் சேவையும் வெளிவந்தபின் நிலைமை மாறியது. மேலோடிக்குள் இயங்கும் செய்நிரல்கள் பல்லாயிரம் வரிகளாகப் பெருகின. தன் பெயர்களைத் தன்னுள் அடக்கி, பிறர்க்கு வேண்டியவற்றை மட்டும் வெளியே கொடுத்து, தனக்கு வேண்டியவற்றைப் பெயர்சொல்லிக் கேட்டுப் பெறும் தனிப்பகுதி, அதாவது மொடியூல் எனப்படும் கூறு, இன்றியமையாததாயிற்று.

இரு பாசறைகள்

2009 ஜனவரியில், மொசில்லா நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் டாங்கூர் என்பார், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை மேலோடிக்கு வெளியே சேவையகங்களிலும் பயன்படுத்த வேண்டின் என்னென்ன தேவை என்று ஒரு கட்டுரை வரைந்தார். அதனை வாசித்தோர் ஒன்றுகூடிச் சேவர்ஜேஎஸ் என்ற குழுவை அமைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது கொமன்ஜேஎஸ் எனப் பெயர் மாறியது. அக்குழு வகுத்த கூற்றுமுறை மிக எளியது. வேண்டுகின்றேன் என்று பொருள்படும் ரிக்குவயர் என்னும் செயற்கூறுக்கு ஒரு பெயரைக் கொடுத்தால், அப்பெயருடைய கூறு கையில் வந்துசேரும். அடுத்த வரியிலேயே அதனைப் பயன்படுத்தலாம். அடுத்த வரி இயங்குமுன் கூறு வந்திருத்தல் வேண்டுமாதலின், இம்முறை காத்திருந்து ஏற்றும் முறையாயிற்று.

அதே ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் பேர்லின் நகரில் நடந்த மாநாட்டில், ரயன் டால் என்பார் நோட் என்னும் தம் படைப்பை அறிமுகஞ் செய்தார். ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்தில் இயக்கும் நோட், தரவு வரும்வரை காத்து நில்லாமையையே தன் தலையாய கொள்கையாகக் கொண்டது. ஆயின் கூறுகளை ஏற்றுதற்கு அது மேற்கொண்டது கொமன்ஜேஎஸ் குழுவின் காத்திருக்கும் முறையையே. முரண்போலத் தோன்றும் இஃது ஆராயின் முரணன்று. சேவையகத்திற் கூறுகள் அதன் வட்டிலேயே உள்ளன. அவற்றைப் படித்தற்குச் சில மில்லிசெக்கன்களே ஆகும். அதுவும் செய்நிரல் தொடங்கும் வேளையில் ஒருமுறை மட்டுமே. பின்னறைப் பொருளுக்கு வாடிக்கையாளரை நிற்கச் சொல்வது போன்றது அது. 2010 இல் ஐசக் ஷ்லூட்டர் வெளியிட்ட என்பிஎம் என்னும் பொதிப் பண்டகசாலை வாயிலாக, அம்முறையில் எழுதப்பட்ட கூறுகள் உலகெங்கும் பரவின.

மேலோடியின் நிலை வேறு. அதற்கு வேண்டிய கூறு, தொலைவிலுள்ள ஒரு சேவையகத்திலிருந்து வரவேண்டும். கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். சேவையகம் 15,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பின், கேள்வி சென்று விடை மீள 30,000 கிலோமீற்றர். அதற்கு மட்டும் 150 மில்லிசெக்கன் கழியும். இதனைக் குறைத்தல் எந்தப் பொறியியலாளர்க்கும் இயலாது. மேலும் ஒரு கூறு வந்து சேர்ந்து அதனைப் படித்த பின்னரே அதற்கு வேண்டிய அடுத்த கூறு எதுவெனத் தெரியவரும். இவ்வாறு பத்துக் கூறுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பின் காத்திருப்பு ஒன்றரைச் செக்கனாகும். அவ்வளவு நேரமும் பக்கம் உறைந்துநிற்கும். மேலோடியிற் செய்நிரலுக்கும் பக்கத்திற்கும் இயங்கு தடம் ஒன்றேயாதலின், பொத்தானும் அசையாது, பக்கமும் நகராது.

டோஜோ என்னும் செய்நிரற் கருவித்தொகுதி மேலோடியிலும் காத்திருந்து ஏற்றும் முறையைக் கையாண்டு, இத்துன்பத்தை நேரில் அனுபவித்தது. அத்தொகுதியின் ஏற்றியிற் பணிபுரிந்த ஜேம்ஸ் பேர்க் என்பார், அவ்வனுபவத்தினின்றும் ரிக்குவயர்ஜேஎஸ் என்னும் புதிய கருவியை ஆக்கினார். அது தழுவிய முறை ஏஎம்டி எனப்பட்டது. காத்திராக் கூறு வரையறை என அதனைத் தமிழிற் கூறலாம். அம்முறையில், வரையறு எனப் பொருள்படும் டிஃபைன் என்னும் செயற்கூறுக்கு இரண்டு பொருள்கள் கொடுக்கப்படும். முதலாவது, வேண்டிய கூறுகளின் பட்டியல். இரண்டாவது, அவையனைத்தும் வந்தபின் இயக்கற்பாலதான வேலை. பட்டியலைக் கொடுத்தவுடன் மேலோடி விடுதலை பெறுகின்றது. கூறுகள் ஒருங்கே வருவிக்கப்படுகின்றன. வந்தபின் வேலை தொடங்குகின்றது. வணிகர் பெயரைக் குறித்துக்கொண்டு அனுப்பிவைக்கும் முறை இதுவாம்.

கொமன்ஜேஎஸ் குழுவிற்குள்ளேயே தொடங்கிய இவ்வுரையாடல், விரைவில் இரு பாசறைகளாகப் பிரிந்தது. ஒரு பாசறையார், எழுதுவோர்க்கு எளிமை வேண்டும், ஒவ்வொரு கோப்பையும் ஒரு மேலுறையிற் பொதிந்து எழுதச் சொல்வது வீண்சுமை என்றனர். மறுபாசறையார், மேலோடியின் இயல்பை மறந்த எளிமை எளிமையன்று என்றனர். இரு சாராரும் தத்தம் இடத்தை நோக்கின் சரியே கூறினர். தத்தம் இடத்து உண்மையை மொழி முழுமைக்கும் உரிய உண்மையெனக் கொண்டமையே பிழையாயிற்று.

இணைக்க முயன்றோர்

பிணக்கின் இடையே இணக்கந் தேடியோரும் உளர். அவர்தம் முயற்சிகள் மூவகைப்படும்.

முதலாவது முயற்சி ரிக்குவயர்ஜேஎஸ் கருவியிலேயே அமைந்தது. எழுதுவோர் காத்திருக்கும் முறையில் வரிவரியாக ரிக்குவயர் என்றே எழுதலாம். முழுவதையும் டிஃபைன் என்னும் ஓர் உறையுள் இட்டாற் போதும். கருவி அவ்வேலையை உடனே இயக்காது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூற்றின் மூல எழுத்தை அதனிடமிருந்தே கேட்டுப் பெறலாம். அவ்வெழுத்தைத் துருவி, ரிக்குவயர் என்னுஞ் சொல்லை அடுத்து நிற்கும் பெயர்களையெல்லாம் பொறுக்கியெடுத்து, அவற்றை முன்னரே வருவித்துவைத்து, அதன்பின் வேலையைத் தொடங்கும். எழுத்தளவிற் காத்திருத்தல், செயலளவிற் காத்திராமை. கூரிய உத்தியே எனினும் அதற்கோர் எல்லை இருந்தது. கூறின் பெயர் மேற்கோட்குறிக்குள் நேரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இயங்கும்போது கணித்துப் பெறும் பெயராயின், இயங்குமுன் துருவும் கருவிக்கு அது புலப்படாது. எக்கூறுகள் வேண்டும் என்பது இயங்குமுன்னரே அறியப்படுமாயின் இரு முறைகளும் ஒன்றாகலாம் என்னும் பேருண்மை இவ்விடத்தே வெளிப்பட்டது. பிற்கால இணக்கம் அனைத்தும் இதன் வழி வந்ததே.

இரண்டாவது முயற்சி யூஎம்டி எனப்பட்டது. ஒரே கோப்பு தான் எவ்வுலகில் இருக்கின்றதென்று முதலில் ஆராய்ந்து, டிஃபைன் இருப்பின் ஏஎம்டி முறையிலும், இல்லையேற் கொமன்ஜேஎஸ் முறையிலும், இரண்டுமில்லையேற் பழைய பொதுவெளி முறையிலும் தன்னைக் கொடுக்கும். அக்காலத்திற் பெரிதும் வழங்கிய ஜேகுவெரி என்னும் தொகுதி 2011 நவம்பரில் வெளிவந்த தன் 1.7 ஆம் பதிப்பில் ஏஎம்டி முறைக்கும் இடமளித்தது. செல்லும் நாடுதோறும் அந்நாட்டு உடையை உடுத்தல் போன்றது இம்முறை. பயணம் நடந்தது, நாடுகள் ஒன்றாகவில்லை.

மூன்றாவது முயற்சியே பெருவெற்றி பெற்றது. 2011 இல் ஜேம்ஸ் ஹாலிடே என்பாரின் பிரௌசரிஃபை என்னும் கருவியும், 2012 இல் டோபியாஸ் கொப்பர்ஸ் என்பாரின் வெப்பேக் என்னும் கருவியும் தோன்றின. இவை, எழுதுவோரின் கணினியிலேயே ரிக்குவயர் வரிகளைப் பின்தொடர்ந்து, வேண்டிய கூறுகள் யாவற்றையும் திரட்டி, ஒரே பெருங்கோப்பாகக் கட்டிக்கொடுத்தன. மேலோடிக்கு அக்கட்டு வந்து சேர்ந்தபின் எல்லாக் கூறுகளும் அருகிலேயே உள்ளன, காத்திருப்பதில் துன்பமில்லை. கொழும்புச் சரக்கையெல்லாம் முன்கூட்டியே வண்டியில் ஏற்றிக் கடையின் பின்னறையில் இறக்கிவைத்தது போலாயிற்று. ஆயினும் கட்டு பெருக்கப் பெருக்க அது வந்து சேருங் காலமும் நீண்டது. ஆகவே வெப்பேக் அக்கட்டைத் துண்டுகளாகப் பிரித்து, சிலவற்றைத் தேவைப்படும்போது காத்திராது வருவிக்கும் வழியையும் அமைத்தது. முன்வாயிலால் அனுப்பப்பட்ட தொலைவு பின்வாயிலால் மீண்டும் நுழைந்தது.

மொழியின் தீர்ப்பு

இதற்கிடையில், மொழியின் விதிநூலைக் காக்கும் குழுவிலே டேவ் ஹேர்மன், சாம் டோபின்-ஹாக்ஸ்டாட் முதலியோர், கூறுகளை மொழியின் உள்ளேயே அமைக்க முயன்றனர். 2015 ஜூனில் வெளிவந்த ஆறாம் பதிப்பில் அஃது இடம்பெற்றது. இறக்குமதி என்னும் பொருளுடைய இம்போர்ட் என்னுஞ் சொல்லால் ஒரு கூறு தனக்கு வேண்டியவற்றை அறிவிக்கும். அவ்வறிவிப்பு கோப்பின் மேல்மட்டத்தில் மட்டுமே நிற்கலாம், நிபந்தனைக்குள் நிற்றலாகாது, கூறின் பெயர் நேரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ரிக்குவயர்ஜேஎஸ் கருவி எழுத்தைத் துருவி அறிந்ததை, இங்கு மொழி இலக்கணமே உறுதிசெய்தது.

அதன் இயல்பை விளக்குதற்கு மருதமுனைக் கைத்தறி தக்க உவமையாகும். நெசவாளர் பாவு நூல் முழுவதையும் அளந்து, இழை இழையாகத் தறியிற் பூட்டிய பின்னரே நெய்யத் தொடங்குவர். பாவில் ஓரிழை குறையினும் நெசவு தொடங்காது. தொடங்கியபின் பாவுக்காக நிற்பதுமில்லை. ஊடை நூலோ நாடாவில் வேண்டியபோது மாற்றப்படும். புதிய முறையும் அவ்வாறே மூன்று படிகளை உடையது. முதற்படியிற் கூறுகள் யாவும் வருவிக்கப்பட்டு, அவை மேலும் வேண்டுவன அறியப்பட்டு, முழுத்தொகுதியும் திரட்டப்படும். இரண்டாம் படியில் ஒன்றன் பெயர் மற்றொன்றோடு பூட்டப்படும். மூன்றாம் படியிலேயே செய்நிரல் இயங்கும். வருவித்தல் காத்திராது நடக்கலாம். இயக்கம் இடையறாது செல்லலாம். இயங்கும்போது ஊடைநூல் போல வேண்டிய கூறை வருவித்தற்கு, இம்போர்ட் என்பதன் செயற்கூற்று வடிவம் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது.

விதிநூல் கூறாது விட்டதும் கருதற்பாலது. கோப்பை எங்கிருந்து, எவ்வாறு வருவிப்பது என்பதை அது வரையறுக்கவில்லை. ஏற்றி பற்றிய வரைவு 2014 இல் நூலிலிருந்து நீக்கப்பட்டு, அப்பொறுப்பு மொழியை இயக்கும் இடத்திற்கே விடப்பட்டது. மேலோடி தன் வழியிலும், சேவையகம் தன் வழியிலும் வருவிக்கலாம். காலத்தைப் பற்றிய வினாவை இடத்திற்கு விட்டுக்கொடுத்த தீர்ப்பு அது. 2017 மார்ச்சில் சபாரி, அவ்வாண்டு செப்டம்பரில் குரோம், 2018 மேயில் பயர்பொக்ஸ் ஆகிய மேலோடிகள் அம்முறையைத் தம்முள் ஏற்றன.

நோடில் எழுந்த சுவர்

மேலோடியிற் பிணக்குத் தணிந்த வேளையில், அது நோடின் உள்ளே புதிதாகத் தலையெடுத்தது. அங்குப் பல ஆண்டுகளாகக் குவிந்த பொதிகள் அனைத்தும் ரிக்குவயர் முறையின. 2017 செப்டம்பரிற் புதிய முறை சோதனைக்கென நோடில் இடம்பெற்றது. 2019 நவம்பரிற் சிறப்பு அனுமதியின்றியே வழங்கத் தொடங்கியது. புதிய முறைக் கூறு பழைய முறைக் கூறை ஏற்றலாம். பழைய முறைக் கூறு புதியதை ரிக்குவயர் மூலம் ஏற்ற முயலின் பிழைச்செய்தியே விடையாக வந்தது. ரிக்குவயர் காத்திருக்கும் முறை, புதிய கூறுகள் காத்திரா முறையின, ஆதலின் முன்னது பின்னதை ஏற்றல் இயல்பாகவே இயலாது என்று காரணங் கூறப்பட்டது. நூல்களும் விரிவுரைகளும் இக்காரணத்தையே மீட்டும் மீட்டும் கூறின.

இதனால் விளைந்த இடர் சிறிதன்று. பொதி ஆக்குவோர் பலர் 2021 முதற் புதிய முறையிலேயே வெளியிடத் தொடங்கினர். பழைய முறையில் எழுதப்பட்ட செய்நிரல்கள் அவற்றைப் பயன்படுத்த முடியாது நின்றன. வேறு சிலர் ஒரே பொதியை இரு வடிவிலும் வெளியிட்டனர். அவ்வாறாயின் ஒரே செய்நிரலுக்குள் ஒரு பகுதி பழைய வடிவையும், மறுபகுதி புதிய வடிவையும் ஏற்ற இடமுண்டு. ஒரு கடைக்கு இரு கணக்கேடுகள் இருந்து, வரவு ஒன்றிலும் செலவு மற்றொன்றிலும் எழுதப்பட்டாற் போல, ஒரே கூறின் இரு படிகள் ஒன்றையொன்று அறியாது தனித்தனி நிலையைக் காத்தன. கணக்குத் தவறியது, தவறிய இடமோ எளிதிற் புலப்படவில்லை.

மூலவிதியை மீட்டும் படித்தமை

புதிய கூறுகள் இயல்பாகவே காத்திரா முறையின என்பது உண்மையா? 2015 ஆம் ஆண்டு விதிநூலின்படி, கூறுகளைத் திரட்டிய பின் அவற்றை இயக்கும் படி முழுவதும் இடையறாது செல்வதே. காத்திராமை, மேலோடி கோப்பை வருவிக்கும் முறைக்கு உரியது, மொழிக்கு உரியதன்று. பின்னர் ஒரு மாற்றம் வந்தது. கூறின் மேல்மட்டத்திலேயே, காத்திரு எனப் பொருள்படும் அவெய்ட் என்னுஞ் சொல்லை ஆளலாம் என்ற முன்மொழிவு எழுந்தது. ஒரு கூறு நின்றால் அதனைச் சார்ந்த யாவும் நிற்கும் என்று 2016 இல் ரிச் ஹாரிஸ் என்பார் அதனை வன்மையாக எதிர்த்தெழுதினார். நீண்ட ஆராய்வின்பின், 2022 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது விதியாயிற்று.

அவ்விதியை வகுத்தோர் ஒரு வரம்பையும் உடன் வகுத்தனர். அவெய்ட் என்னுஞ் சொல்லை மேல்மட்டத்தில் ஆளுங் கூறும், அதனைச் சார்ந்து நிற்குங் கூறுகளுமே இடையறவு பெறும். அச்சொல் இல்லாத தொகுதி, முன்போலவே இடையறாது இயங்கி முடியும். இவ்வரம்பு விதிநூலில் வெளிப்படையாகவே உள்ளது. ஆயினும் புதிய கூறுகள் யாவும் காத்திரா இயல்பின என்ற எண்ணம் வழக்கில் வேரூன்றிவிட்டமையால், அதனை அடிப்படையாகக் கொண்டு மேற்செல்ல நோடில் நெடுங்காலம் வழி பிறக்கவில்லை.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நோடின் ஆக்குநருள் ஒருவரான ஜோயீ சியுங் என்பார் அவ்வழியைத் திறந்தார். புதிய முறைக் கூறுகளை வட்டிலிருந்து காத்திருந்து படிக்கலாம். நோடில் அவை அருகிலேயே உள்ளன. படித்த தொகுதியில் மேல்மட்ட அவெய்ட் உண்டா என்று இயக்குமுன் நோக்கலாம். இல்லையெனில் ரிக்குவயர் அதனை நேரே ஏற்றிக் கொடுக்கலாம். உண்டெனில், காரணத்தைத் தெளிவாகக் கூறும் பிழைச்செய்தியைக் கொடுத்து, செயற்கூற்று வடிவான இம்போர்ட்டை ஆளுமாறு வழிகாட்டலாம். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த நோடின் 22 ஆம் பதிப்பில் இது சோதனைக்கென இடம்பெற்றது. அக்டோபரில் 23 ஆம் பதிப்பிலும், டிசம்பரில் 22.12 ஆம் பதிப்பிலும் சிறப்பு அனுமதியின்றி வழங்கலாயிற்று. 2025 மார்ச்சில் முந்திய 20 ஆம் வரிசையின் 20.19 ஆம் பதிப்புக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது. பல்லாண்டு நின்ற சுவரில் வாயில் அமைந்தது.

இவ்விணக்கத்தின் தன்மையைச் சிறிது சிந்தித்தல் தகும். சியுங் அவர்கள் மொழியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. புதிய கூற்றுமுறை ஒன்றையும் வகுக்கவில்லை. கூறுகள் என்று பொதுப்படப் பேசப்பட்டவற்றை, உண்மையிற் காத்திருப்பவை, காத்திருக்கத் தேவையற்றவை என இரண்டாகப் பிரித்து நோக்கினார். காத்திருக்கத் தேவையற்றவையே மிகப் பல. சிலவற்றின் இயல்பை எல்லாவற்றின் மேலும் ஏற்றிக் கூறியதனால் எழுந்த தடை, அவை பிரிக்கப்பட்டவுடன் நீங்கியது.

முடிவுரை

பிணக்கு முற்றாகத் தீர்ந்ததெனக் கூறுதல் மிகையாகும். மேல்மட்ட அவெய்ட்டைக் கொண்ட தொகுதிகளை ரிக்குவயர் இன்றும் ஏற்றாது. மேலோடியில் ஒன்றையொன்று சார்ந்த கூறுகள் பலவாயின் தொலைவின் சுமை இன்றும் உண்டு; அதனாலேயே கூறுகளை முன்கூட்டிக் கட்டும் கருவிகள் இன்றும் வழங்குகின்றன. ஒளியின் வேகத்தோடு எந்தக் குழுவும் உடன்படிக்கை செய்துகொள்ள இயலாது. ஆயின் பிணக்கின் எல்லை இன்று தெளிவாக வரையப்பட்டுள்ளது. அருகிலுள்ளதற்குக் காத்திருக்கலாம், தொலைவிலுள்ளதை முன்னரே அறிந்து வருவிக்கலாம், முன்னரே அறிய இயலாததை மட்டும் வேண்டியபோது சொல்லியனுப்பிப் பெறலாம்.

இவ்வரலாறு கூறும் மற்றோர் உண்மை வகுப்பறைக்கு உரியது. 2009 ஆம் ஆண்டுப் பிணக்கு, இரு சாராரும் தத்தம் இடத்தினின்று கண்ட உண்மைகளின் மோதல். அதனை இகழ்தல் தகாது. நோடில் எழுந்த சுவரோ அவ்வகையினதன்று. அது பெரும்பாலும் ஒருவர் கூறியதை மற்றவர் கூறி, அவர் கூறியதைப் பாடமாக்கி, பாடத்தை விதியெனக் கொண்டதனால் நிலைத்தது. விதிநூலோ யாவரும் கட்டணமின்றிப் படித்தற்குத் திறந்தே கிடந்தது. சாசனத்தைப் படியாது முன்னோர் கூற்றை மட்டும் ஒப்புவிப்போன் வரலாற்றறிஞன் ஆகான் என்று வரலாற்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அதே நெறி செய்நிரலாக்கம் பயில்வோர்க்கும் பொருந்தும். ஒலுவிலிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் கணினியின் முன் அமரும் மாணவர், இயலாது என்று பாடநூல் கூறுமிடத்து, எவ்விதியால் இயலாது, அவ்விதி எங்கே உளது என்று கேட்கப் பழகுவாராயின், அவ்வினாவுக்கு விடைதேடி அவருடன் மூலநூலைத் திறப்பது ஆசிரியர் கடனாகும்.